பின் கியர் விழவில்லையா? எச், எல் திருகுகளைத் தொடும் முன் இதைப் பாருங்கள்

எங்கள் குடியிருப்பில் யாருடைய கியர் சைக்கிள் கெட்டாலும் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து சாய்த்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் ஒரே வகை வண்டிதான்: முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, விளம்பரத்தில் '21 கியர்'. புகாரும் ஒன்றுதான்: "அங்கிள், கியர் சரியாக விழவில்லை." அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. "நானே கொஞ்சம் திருகிப் பார்த்தேன்" என்று இன்னொரு வாக்கியம் வரும். என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்பது அந்த வாக்கியம்தான்.

பின் சக்கரத்தின் வலப்பக்கம் தொங்கிக்கொண்டு செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிற பாகம் டீரெய்லர். அதன் முதுகில் எச், எல் என்று பொறித்த இரண்டு குட்டித் திருகுகள் இருக்கும். பார்த்தவுடன் கை துறுதுறுக்கும். ஆனால் அவை கியரை மாற்றுவதில்லை, வரப்பு கட்டி வைக்கின்றன. செயின் சின்னப் பல்சக்கரத்தைத் தாண்டி வெளியே விழாமல் எச் பார்த்துக்கொள்கிறது. பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஆரக்கம்பிக்குள் போகாமல் எல் பார்த்துக்கொள்கிறது. வரப்பு இரவோடு இரவாக இடம் மாறாது. நேற்று வரை ஒழுங்காக விழுந்த கியர் இன்று மக்கர் செய்தால் மாறியிருப்பது வேறு ஏதோ ஒன்று: கேபிள், டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர், செயின், அல்லது சக்கரம் உட்கார்ந்திருக்கும் விதம்.

இனி 1 என்றால் பின்னால் இருக்கும் மிகப் பெரிய பல்சக்கரம், 7 என்றால் மிகச் சிறியது. கைப்பிடியில் எழுதியிருப்பதும் அப்படித்தான்.

## எதற்கும் முன்னால்

5 மில்லிமீட்டர் அலன் கீ, சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பிளையர், ஓர் அடி எஃகு ஸ்கேல், பழைய பனியன் துணி, அச்சு நட்டுக்கு ஏற்ற ஸ்பானர். தொடங்க இவ்வளவு போதும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டாம். கைப்பிடியில் இருக்கும், கியர் மாற்றும் ஷிஃப்டர் தரையில் நசுங்கும். இடது வலது குழம்பி, திருகை எதிர்த் திசையில் திருப்புவீர்கள். நான் மாடிப்படிக் கம்பியில் கயிறு கட்டி, சீட்டின் மூக்கை அதில் மாட்டிவிடுவேன். பின் சக்கரம் ஒரு சாண் உயரத்தில் நின்றால் ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே மறு கையால் கியர் மாற்றலாம்.

முதலில் சக்கரத்தைப் பாருங்கள். சமீபத்தில் பஞ்சர் ஒட்டினீர்களா? சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது அச்சு ஒரு பக்கம் முழுதாக உட்காராமல் இருந்தால் ஏழு கியரும் சேர்ந்து கோணும். நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை நேராகத் தள்ளி, மறுபடி முறுக்குங்கள். மலிவு வண்டிகளில் டீரெய்லர், அச்சு நட்டோடு சேர்த்துப் பிடிக்கப்பட்ட ஒரு தகட்டில் தொங்கும். பஞ்சர் ஒட்டியவர் அந்தத் தகட்டைச் சாய்வாக முறுக்கியிருப்பார். என்னிடம் வருபவற்றில் கணிசமானவை இங்கேயே குணமாகி வீடு திரும்புகின்றன.

## அறிகுறி: ஒரு திசையில் உடனே மாறுகிறது, மறு திசையில் தாமதமாகிறது

இதுதான் அதிகம் வருவது. அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான்.

பெரிய பல்சக்கரத்தை நோக்கி ஏறத் தாமதம், இறங்குவது சரி. கேபிள் தளர்ந்திருக்கிறது. கேபிள் டீரெய்லருக்குள் நுழையும் இடத்தில் விரலால் திருப்பக்கூடிய ஒரு குட்டி உருளை இருக்கும், பேரல் என்பார்கள். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தபடி அதை இடஞ்சுழியாக, அதாவது கடிகாரத்துக்கு எதிராக, கால் சுற்று திருப்புங்கள். பெடலைச் சுற்றிக் கியர் மாற்றிப் பாருங்கள். போதவில்லையென்றால் இன்னொரு கால் சுற்று. இரண்டு சுற்றைத் தாண்டியும் சரியாகவில்லை என்றால் பேரலை விட்டுவிடுங்கள். நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

ஏறுவது சரி, சின்னப் பல்சக்கரத்தை நோக்கி இறங்கத் தாமதம். இங்கே இரண்டு வழி பிரிகிறது. கேபிள் தேவைக்கு மேல் இறுகியிருக்கலாம். அல்லது கேபிளின் மேலுறையான அவுட்டருக்குள் துருவும் அழுக்கும் சேர்ந்து கேபிள் சறுக்காமல் இழுபடலாம். கண்டுபிடிப்பது எளிது. பேரலை வலஞ்சுழியாக அரைச் சுற்று திருப்புங்கள். இறங்குவது சரியாகி, ஏறுவதும் கெடாமல் இருந்தால் இறுக்கம்தான் காரணம், வேலை முடிந்தது. இறங்குவது சரியாவதற்குள் ஏறுவது கெட்டுப்போனால் கேபிள் உராய்கிறது. அதற்குப் பேரலில் மருந்து கிடையாது. எவ்வளவு திருப்பினாலும் ஒரு பக்கம் சரியாகி மறுபக்கம் கெடும். கிழமைக் கணக்கில் இப்படித் திருப்பிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

உராய்வைக் கண்ணால் பார்க்க ஒரு வழி. பெடலைச் சுற்றிச் செயினை 1-க்கு ஏற்றுங்கள். பெடலை நிறுத்துங்கள். இப்போது சுற்றாமலேயே ஷிஃப்டரை 7 வரை தட்டிக்கொண்டு போங்கள். செயின் பெரிய பல்சக்கரத்திலேயே இருக்கும், கேபிள் தொளதொளவென்று தொங்கும். ஃபிரேமில் அவுட்டர் செருகியிருக்கும் பிளந்த குழிகளிலிருந்து அதை எடுத்துவிடலாம். எதையும் கழற்ற வேண்டியதில்லை. அவுட்டரை நகர்த்தி உள்ளே இருந்த கேபிளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்பழுப்புக் கறை வந்தால் துரு. கேபிளை விரல்களுக்கு நடுவே இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு நகத்தில் தட்டும்.

குறிப்பாகப் பார்க்க வேண்டியது, ஃபிரேமிலிருந்து டீரெய்லருக்கு வளைந்து வரும் கடைசித் துண்டு. அதன் வளைவுதான் மிகத் தாழ்வான இடம். கேபிள் வழியே வழியும் மழைத்தண்ணீர் அங்கே போய்த் தங்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் எனக்கு வரும் வண்டிகளில் நான் நேராகக் கை வைப்பது அந்த வளைவில்தான். கடற்கரையோரம் குடியிருப்பவர்கள் மழைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, உப்புக்காற்றே போதும்.

துரு லேசாக இருந்தால் துடைத்து, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தடவி மாட்டுங்கள். சில மாதம் ஓடும். சொரசொரப்பு இருந்தால் உள்கேபிளையும் அந்தக் கடைசி அவுட்டர் துண்டையும் மாற்றுங்கள். செலவு ஒரு பிரியாணிப் பொட்டலத்தைத் தாண்டாது. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். மார்கழியில் உறையும், மற்ற மாதங்களில் தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும்.

அவுட்டர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பிரேக் அவுட்டர் வேறு, கியர் அவுட்டர் வேறு. வெட்டுமுகத்தைப் பாருங்கள். கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடும்; முனையில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் தெரியும். பிரேக் அவுட்டரில் கம்பி ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும், அதனால் இழுக்கும்போது கொஞ்சம் அமுங்கும். பிரேக்குக்கு அது தாங்கும், ஒவ்வொரு சொடுக்குக்கும் அளந்து இழுக்க வேண்டிய கியருக்குத் தாங்காது. கடையில் கையில் அகப்பட்டதை வெட்டிக் கொடுத்து, அதனாலேயே கியர் ஒருநாளும் நிலைக்காத வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். உள்கேபிளின் தடிமனும் வேறு: கியருக்கு 1.2 மில்லிமீட்டர், பிரேக்குக்கு சுமார் 1.5. அவுட்டரை வெட்டியபின் முனை நசுங்கியிருக்கும். அரத்தால் தட்டையாக்கி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயைக் கோணி ஊசியால் திறந்துவிட்டு, முனைத் தொப்பி போட்டு மாட்டுங்கள்.

கேபிள் புதிது, அவுட்டர் புதிது, இருந்தும் இறங்கவில்லை. டீரெய்லரின் மூட்டுகளில் மண் இறுகியிருக்கும். உள்கேபிளைக் கழற்றிவிட்டு டீரெய்லரைக் கையால் சக்கரத்தின் பக்கம் தள்ளி விடுங்கள். சடக்கென்று திரும்ப வேண்டும். சோம்பல் முறித்துக்கொண்டு வந்தால் நான்கு மூட்டுகளிலும் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்தபின் எண்ணெய் விடுங்கள். அதன்பிறகும் சோம்பினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. டீரெய்லரை மாற்ற வேண்டியதுதான்.

## அறிகுறி: நடுக் கியர்களில் டிக் டிக் சத்தம், அல்லது தட்டாமலேயே கியர் தாவுகிறது

முதலில் பேரல். 7-லிருந்து ஒரு சொடுக்கில் 6-க்கு வாருங்கள். பெடலைச் சுற்றிக்கொண்டே பேரலை இடஞ்சுழியாகத் திருப்புங்கள், செயின் அடுத்த பல்சக்கரத்தை உரசிச் சத்தம் எழுப்பும் வரை. பிறகு சத்தம் நிற்கும் வரை மட்டும் வலஞ்சுழியாகத் திருப்பி விடுங்கள். அவ்வளவுதான். ஷிமானோ 1984-இல் சொடுக்குக்கு ஒரு கியர் என்ற முறையைப் பந்தய வண்டிகளுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் பெரும்பாலும் எல்லோரும் லீவரை மெல்ல நகர்த்தி, காதால் கேட்டுத்தான் கியர் போட்டார்கள். பேரலைச் சரிசெய்யும்போது அந்தக் காது இன்றும் வேண்டும்.

மேலே சரி செய்தால் கீழே கெடுகிறது. 6, 5-இல் அமைதி, 2, 3-இல் சத்தம். அதைச் சரிசெய்தால் இதில் சத்தம். இது கேபிள் அல்ல. டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது, அல்லது பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஏழு பல்சக்கர வண்டியில் எட்டு கியர் ஷிஃப்டரை மாட்டினால் முதல் இரண்டு மூன்று பிழைக்கும், மற்றவை பிழைக்காது. பல்சக்கரங்களின் இடைவெளி ஏழில் சுமார் 5 மில்லிமீட்டர், எட்டில் 4.8.

தினமும் பேரலை முறுக்க வேண்டியிருக்கிறது. காலையில் சரிசெய்தால் மாலையில் தளர்கிறதா? வண்டியை ஓட்டாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெகுதூரம் போகாதீர்கள். ஷிஃப்டருக்குள் கேபிளின் தலைக்கு அருகே ஒவ்வோர் இழையாக அறுந்துகொண்டிருக்கும். உடனே கேபிளை மாற்றினால் ஐந்து நிமிட வேலை. முழுதாக அறுந்து, தலை மட்டும் உள்ளே சிக்கிக்கொண்டால் ஊசியும் பொறுமையும் தேவைப்படும். பிடித்துத் திருப்பும் வகை ஷிஃப்டராக இருந்தால் மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: செயின் ஆரக்கம்பிப் பக்கம் தாண்டப் பார்க்கிறது

ஓட்டுவதை நிறுத்துங்கள். இந்தப் பட்டியலில் ஆளை மருத்துவமனைக்கு அனுப்பக்கூடியவற்றில் முதலிடம் இதற்குத்தான். செயினோ டீரெய்லரோ ஆரக்கம்பிக்குள் போனால் பின் சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். டீரெய்லர் முறுக்கிக்கொண்டு மேலே போகும், கம்பிகள் அறுபடும், சில சமயம் ஃபிரேமும் போய்விடும்.

வண்டி எப்போதாவது வலப்பக்கம் விழுந்ததா? பள்ளி நிறுத்தத்தில் பக்கத்து வண்டியின் பெடலோடு சிக்கி யாராவது இழுத்தார்களா? சென்ற ஆண்டு மதுரையிலிருந்து ஆம்னி பஸ்ஸின் அடிவயிற்றில் ஒரு வண்டி வந்தது. வலப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்து, அதன்மேல் வெங்காய மூட்டை. இறக்கிய இளைஞன் கோயம்பேட்டிலிருந்து அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தான். மேம்பாலம் ஏறும்போது 1-க்குத் தட்டியிருக்கிறான். நல்லவேளையாக, ஆரக்கம்பியை மறைக்கும் பிளாஸ்டிக் தட்டை அவன் கழற்றியிருக்கவில்லை. செயின் அதைக் கீறியதோடு நின்றது. அழகு கெடுகிறது என்று அந்தத் தட்டைக் கழற்றுபவர்கள் உண்டு. நான் கழற்ற மாட்டேன்.

சோதனை. செயினை நடுப் பல்சக்கரத்தில் வைத்து, வண்டிக்குப் பின்னால் குந்தி உட்காருங்கள். டீரெய்லரில் மேலும் கீழும் இரண்டு குட்டிச் சக்கரங்கள் இருக்கும். இரண்டும் ஒரே நேர்க்கோட்டில், பல்சக்கரத்துக்கு இணையாக நிற்க வேண்டும். கீழ்ச் சக்கரம் ஆரக்கம்பியை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஹேங்கர் உள்ளே வளைந்துவிட்டது. அந்த நிலையில் எல் திருகை முறுக்கிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். 1-க்குப் போவதை வேண்டுமானால் தடுக்கலாம், மற்ற ஆறும் கோணலாகவே இருக்கும்.

தகட்டு வகை என்றால் அச்சு நட்டைத் தளர்த்தி நேராக்கி முறுக்கிப் பாருங்கள். ஃபிரேமோடு ஒன்றாக வந்த எஃகு ஹேங்கரை நிமிர்த்தலாம். தனியாகத் திருகி மாட்டும் அலுமினிய ஹேங்கர் என்றால், அது ஃபிரேமைக் காப்பாற்றுவதற்காகவே தான் வளைகிற மாதிரி செய்யப்பட்டது. லேசான வளைவை ஒருமுறை நிமிர்த்தலாம், மறுமுறை வெடிக்கும். புதிது வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இதில் எண்ணற்ற வடிவங்கள், ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது.

டீரெய்லரையே பிடித்து நெம்பி நிமிர்த்தாதீர்கள். ஹேங்கரோடு சேர்ந்து அதன் உடம்பும் முறுக்கும். மெக்கானிக்குகளிடம் இதற்கென்றே நீண்ட கை வைத்த ஓர் அளவுகோல் கருவி உண்டு. ஹேங்கரின் புரியில் மாட்டி, ரிம்மைச் சுற்றி நான்கு இடத்தில் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேறுபாடு நான்கு மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். கருவி இல்லாத ஊரில் ஒரு பழைய வித்தை: லீவரைத் திருப்பிக் கழற்றும் குவிக் ரிலீஸ் வகைப் பின் சக்கரத்தின் அச்சு 10 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் புரி. ஹேங்கரின் புரியும் அதேதான். அப்படி ஒரு சக்கரத்தின் அச்சு முனையை ஹேங்கருக்குள் திருகிவிட்டால் இரண்டு சக்கரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இணையாக இருக்கின்றனவா என்று கண்ணே சொல்லிவிடும்.

ஹேங்கர் நேராகத்தான் இருக்கிறது. அப்போது யாரோ எல் திருகைத் தொட்டிருக்கிறார்கள். அதைக் கால் கால் சுற்றாக வலஞ்சுழியாக முறுக்குங்கள். செயின் 1-இல் இருக்கும்போது மேல் குட்டிச் சக்கரம் பெரிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டும். ஷிஃப்டரைக் கட்டைவிரலால் இன்னும் அழுத்தித் தள்ளினாலும் அது உள்ளே நகரக் கூடாது.

கடைக்கு எப்போது: ஹேங்கரில் வெடிப்பு, புரி நைந்தது, கார்பன் ஃபிரேம், பெரிய பல்சக்கரத்துக்குப் பின்னால் ஆரக்கம்பிகளில் செயின் அறுத்த தடம். கடைசியாகச் சொன்னதைத் தள்ளிப்போடாதீர்கள்.

## அறிகுறி: 1-க்கு ஏறவே மறுக்கிறது

ஷிஃப்டரில் கடைசிச் சொடுக்கு விழுகிறதா? விழவில்லை என்றால் கேபிளைக் கட்டும்போதே 7-இல் இல்லாமல் 6-இல் வைத்துக் கட்டியிருப்பார்கள். அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். சொடுக்கு விழுந்தும் ஏறவில்லை என்றால் பேரல், பிறகு மேலே சொன்ன உராய்வுச் சோதனை. டீரெய்லரை விரலால் உள்பக்கம் தள்ளிப் பெடலைச் சுற்றுங்கள். விரலால் தள்ளினால் ஏறுகிறது என்றால் கேபிள்தான் குற்றவாளி. விரலால் தள்ளியும் ஏறவில்லை என்றால் மட்டும் எல் திருகை இடஞ்சுழியாகக் கால் சுற்று தளர்த்துங்கள். ஹேங்கரை முன்பே பார்த்துவிட்டீர்கள் அல்லவா?

## அறிகுறி: 7-க்கு விழவில்லை, அல்லது 7-ஐத் தாண்டி வெளியே விழுகிறது

விழவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை கேபிள் உராய்வு. கேபிளை முழுதாகக் கழற்றிவிட்டுப் பெடலைச் சுற்றுங்கள். அப்போது 7-இல் அழகாக உட்கார்ந்தால் எச் திருகுக்கு வேலையில்லை. அப்போதும் உட்காரவில்லை என்றால் எச்சை இடஞ்சுழியாகக் கால் சுற்று தளர்த்தலாம். வெளியே விழுந்தால் வலஞ்சுழியாக.

## அறிகுறி: மேட்டில் அழுத்தி மிதித்தால் செயின் நழுவுகிறது

கியர் மாறுவது சரியாக இருக்கும், ஆனால் எழுந்து நின்று மிதிக்கும்போது கால் சட்டென்று வழுக்கும், முழங்கால் கைப்பிடியில் இடிக்கும். டீரெய்லர் மீது பழி போடாதீர்கள்.

பெடலை மெல்லப் பின்னோக்கிச் சுற்றி டீரெய்லரைக் கவனியுங்கள். ஒரு குறிப்பிட்ட கண்ணி கடக்கும்போது மட்டும் அது துள்ளினால் அந்தக் கண்ணி இறுகியிருக்கிறது. இரண்டு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல வளைத்து இளக்குங்கள்.

துள்ளல் இல்லையா? ஸ்கேலை எடுங்கள். செயினின் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். ஒரு கண்ணி அரை அங்குலம். ஆகவே 24-ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பின் பல்சக்கரங்களின் தொகுதியான ஃப்ரீவீலும் சேர்ந்து தேய்ந்திருக்கும். இரண்டையும் மாற்ற வேண்டிவரும். "புதுச் செயின் போட்ட பிறகுதான் அதிகம் நழுவுகிறது" என்று சண்டைக்கு வருபவர்கள் இந்தக் கடைசி வகை. பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்த பற்களில் புதுச் செயின் உட்காராது. அதிகம் பயன்படுத்திய 4, 5 கியர்களில் மட்டும் நழுவி மற்றவற்றில் நழுவாவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

ஃப்ரீவீலைக் கழற்ற அதற்கென்று ஒரு பிடிப்பானும் பெரிய ஸ்பானரும் வேண்டும். மிதிக்க மிதிக்க இறுகிக்கொண்டே போகிற புரி அது. வீட்டில் உளி வைத்து அடித்தவர்களின் சக்கரங்களை நான் பார்த்திருக்கிறேன். கடையில் கொடுங்கள்.

## அறிகுறி: ஷிஃப்டர் தட்டினால் வெறுமனே போய்வருகிறது

வீட்டு மூலையில் ஆறு மாதம் நின்ற வண்டிகளில் இது அதிகம். கேபிள் அறுந்திருக்கவில்லை என்றால் உள்ளே கிரீஸ் கெட்டியாகி, சொடுக்கு நாக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஷிஃப்டரின் இடுக்கில் டபிள்யூடி-40 போன்ற கரைப்பானை நன்றாக அடித்து, நூறு முறை தட்டுங்கள். நூறு என்று நான் சொல்வது பேச்சுக்கு அல்ல. எழுபதாவது முறை பிடிக்கத் தொடங்கிய ஷிஃப்டர் உண்டு. பிடித்தபின் சில சொட்டு எண்ணெய் விடுங்கள், கரைப்பான் பழைய கிரீஸைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எங்கே பறந்தது என்று கட்டிலுக்கடியில் தேடிய அனுபவம் எனக்குப் போதும்.

## அறிகுறி: முன்னால் 3, பின்னால் 1 வைத்தால் கரகர சத்தம்

பழுதே இல்லை. முன்னால் பெரியதும் பின்னால் பெரியதும் சேர்ந்தால் செயின் குறுக்காக ஓடும். முன்னால் சின்னதும் பின்னால் சின்னதும் சேர்ந்தாலும் அப்படியே. 21 கியரில் அந்த ஓரங்களை விட்டுவிடுங்கள். விளம்பரக்காரர்களுக்குப் பெருக்கல் மட்டும்தான் தெரியும்.

## புது டீரெய்லர் மாட்டினோம், எதுவுமே சரியில்லை

இங்கே எச், எல் திருகுகளுக்கு உண்மையிலேயே வேலை உண்டு. ஆனால் அதற்கு முன்னால் மாட்டிய விதத்தைப் பாருங்கள்.

போல்ட் சாய்ந்து போகிறது. முதல் மூன்று சுற்றைக் கையால் மட்டும் திருக வேண்டும், கொஞ்சம் கிரீஸ் தடவி. கையால் போகவில்லை என்றால் புரி மாறி ஏறுகிறது. அலன் கீயைப் போட்டு முறுக்கினால் ஹேங்கர் போச்சு. டீரெய்லரைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்துப் பிடித்தபடி மாட்டுங்கள், அதன் நாக்கு ஹேங்கரின் படிக்குப் பின்னால் போய் உட்காரும்படி. முறுக்குவிசை 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். அளக்கும் கருவி இல்லாதவர்கள் குட்டை அலன் கீயால் நன்றாக இறுக்கினால் போதும், நீளக் குழாய் செருக வேண்டாம்.

பெரியதும் பெரியதும் வைத்தால் டீரெய்லர் விறைத்து நிற்கிறது. செயின் குட்டை. டீரெய்லர் வழியாகக் கோக்காமல் முன் பெரியதையும் பின் பெரியதையும் சுற்றிச் செயினைப் போட்டு, முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி, அதாவது ஓர் அங்குலம், கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும்.

1-இல் மட்டும் கடகடவென்று அரைக்கிறது. மேல் குட்டிச் சக்கரம் பெரிய பல்சக்கரத்தில் முட்டுகிறது. ஹேங்கரை ஒட்டி இருக்கும் மூன்றாவது திருகை வலஞ்சுழியாக முறுக்குங்கள். நடுவில் ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி வரும் வரை. மலிவு மாடல்கள் சிலவற்றில் இந்தத் திருகு இருக்காது.

எல்லாக் கியரிலும் ஒரே சீராக உரசுகிறது. டீரெய்லர் கூண்டுக்குள் இரண்டு குட்டிச் சக்கரங்களுக்கும் நடுவே ஒரு சின்ன உலோக நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். செயின் அதற்கு உள்பக்கமாகப் போக வேண்டும். நாக்கின் மேலே ஏறிப் போகும்படி கோத்துவிட்டால் வண்டி ஓடும், கியரும் ஏறக்குறைய மாறும், ஆனால் ஓயாமல் சர்ர் என்று ஒரு சத்தம். போன தீபாவளி விடுமுறையில் நானே மாட்டிய வண்டியில் இந்தச் சத்தத்துக்காக ஒன்றரை மணி நேரம் பேரலைத் திருகிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் குனிந்து பார்த்து, "அங்கிள், இங்கே ஏதோ தேய்கிறதே" என்றான். உலோக நாக்கில் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருந்தது.

கேபிள் கட்டியபின் எந்தச் சொடுக்கும் பொருந்தவில்லை. கட்டும் போல்ட்டுக்கு அடியில் கேபிள் படுக்க ஒரு பள்ளம் இருக்கும். அதை விட்டு மறுபக்கம் கட்டினால் இழுபடும் அளவு மாறிவிடும். பள்ளத்தில் வையுங்கள். கட்டும்போது வரிசை இதுதான்: ஷிஃப்டர் 7-இல், செயின் சின்னப் பல்சக்கரத்தில், பேரலை முழுதும் உள்ளே திருகி ஒரு சுற்று வெளியே விட்டு, கேபிளைப் பிளையரால் இழுத்துப் பிடித்து முறுக்குங்கள். எச்சைக் கேபிள் கட்டும் முன்பே சரிசெய்துவிடுங்கள்: பின்னாலிருந்து பார்த்தால் மேல் குட்டிச் சக்கரம் சின்னப் பல்சக்கரத்தின் வெளி விளிம்புக்கு நேராக வர வேண்டும். கட்டியபின் எல். கடைசியில் பேரல்.

மீதிக் கேபிளை இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டி, மூடி போட்டு நசுக்குங்கள். இல்லாவிட்டால் இழை பிரிந்து கெண்டைக்காலைக் கிழிக்கும். ஒரு வாரத்தில் அவுட்டர் முனைகள் தொப்பிக்குள் நன்றாக அமர்ந்து கேபிள் கொஞ்சம் தளரும், ஏறுவது தாமதமாகும். பேரலை இடஞ்சுழியாக அரைச் சுற்று திருப்புங்கள். ஸ்க்ரூடிரைவர் பெட்டியிலேயே இருக்கட்டும்.